திறந்து கிடந்த குழாய்

முப்பத்தொன்பது மணி நேரம்!

இன்ஸ்பெக்டர் தூங்கி அவ்வளவு நேரமாகிவிட்டது. கண் எரிந்தது. பள்ளி ஆய்வகத்தில் அறிவியல் டீச்சர் குப்புறக் கிடந்தாள்.

மூச்சு முட்டிய மரணம் என்றார் டாக்டர். உடலைத் தூக்கிப் போனார்கள்.

"கேஸ் லீக், மேடம்!" என்றார் ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனி அறக்கட்டளை அதிகாரி. சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. "காலையில கதவைத் திறந்ததும் நாத்தம் மூக்கைத் துளைச்சுது! நான்தான் ஜன்னலைத் திறந்தேன். பாருங்க, குழாய் இன்னும் திறந்தே கிடக்கு!"

"காலங்காத்தால உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"வருஷ ரிப்போர்ட்ல டீச்சர் கையெழுத்து வேணும். அப்பதான் பள்ளியோட ஒப்பந்தம் புதுப்பிக்க முடியும்."

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினாள். பயன்பெற்ற ஏழை மாணவர்கள், முந்நூறு. கேஸ் இணைப்பு, முடிந்தது.

"இதெல்லாம் நேர்ல பார்த்தீங்களா?"

"எல்லாம் எங்க பார்ட்னர் தொண்டு நிறுவனம் செஞ்சது. நான் திறப்பு விழாவுக்கு வந்தேன். ரிப்பன் வெட்டினேன்."

"தினமும் கேஸை மூடறது யாரு?"

மூலையில் சாவிக்கொத்தோடு நின்ற ஆய்வக உதவியாளர் கையைத் தூக்கினாள்.

"நேத்து மூடினீங்களாக்கா?"

உதவியாளர் குனிந்து சாவிக்கொத்தை உருட்டினாள்.

"மறந்திருக்கும். வயசாச்சில்ல?" என்றார் அதிகாரி.

"வாயைத் திறங்கக்கா. இல்லைன்னா பழி உங்க தலையில. ஜெயில்!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"பரவாயில்லைங்க, மேடம்."

இன்ஸ்பெக்டர் அலுத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தலை வெடிக்குது. கொஞ்சம் வெந்நீராவது வெச்சுக் குடுங்க."

உதவியாளர் அலமாரியிலிருந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்துப் பற்ற வைத்தாள். பழகிய கை.

"பக்கத்துலயே கேஸ் அடுப்பு இருக்கே... எதுக்கு விளக்கு?"

அவள் தீக்குச்சியை ஊதி அணைத்தாள். அதிகாரியைப் பார்த்தாள்.

"என் பொண்ணு இவங்க உதவித்தொகையிலதான் படிக்கிறா, மேடம். சொன்னா நிறுத்திடுவாங்க..."

"அம்மா ஜெயிலுக்குப் போனா மட்டும் படிப்பாளா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க ஒரு பிள்ளைகூட சோதனை பண்ணினதில்லை. பொய்க்குக் கையெழுத்து போட மாட்டேன், பேப்பர்காரங்ககிட்ட சொல்லிடுவேன்னு டீச்சர் நேத்து இவர்கிட்ட போன்ல சண்டை போட்டாங்க..."

"குழாய்?"

"போட்டோவுக்காக மாட்டினது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை. இந்த ஆய்வகத்துக்கு கேஸ் வந்ததே இல்லை, மேடம்!"

அதிகாரியின் முகம் வெளிறியது.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டபடி விலங்கை எடுத்தாள்.

"உங்க ரிப்போர்ட்டை முழுசா நம்பின ஒரே ஆள் நீங்கதான், சார்!"