வரையாமல் விட்ட அறை

வீட்டின் நீளம் இருபத்துநான்கு அடி என்றது டேப். அவள் வரைபடத்திலும் இருபத்துநான்குதான். அப்படி இருக்கக் கூடாது. நிஜ வீடு முப்பத்தோரு அடி. பிறந்து வளர்ந்த வீடு, அவளுக்குத் தெரியாதா?

வரைபடத்தில் அந்த ஏழடியை விழுங்கியவள் அவள்தான். நாற்பது வருடத்துக்கு முன் யாரோ அளந்து வைத்த மண்வீட்டுக் குடியிருப்பு இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. மற்ற வீடுகளோடு தன் வீட்டையும் அளந்தாள். யாருடையது என்று மூச்சு விடவில்லை. பின்னறையை வரையவும் இல்லை. உடைந்த செங்கல், சேறு, துருப்பிடித்த தகரம், கதவுக்குப் பதில் ஒரு பழைய போர்வை: மகள் முன்னறையில் கால் நீட்டிப் படிக்கட்டும் என்று அம்மா தன் கையாலேயே கட்டிக்கொண்டு ஒதுங்கிய பொந்து அது. வரைபடத்தின் ஓரத்தில் 'ஆளில்லாத வீடு' என்று எழுதினாள். பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாறாத ஒரே வீடாம். பார்க்க இன்று அவரே வருகிறார்.

"ஒரு நாள்தானே, சித்தி வீட்டுக்குப் போயிடும்மா," என்று காலையில் போனில் சொல்லிப் பார்த்தாள்.

"முட்டி வலிக்குது பாப்பா. பின்னாடியே இருந்துக்கறேன். உங்க சாரை நான் என்ன கடிச்சா வெச்சிடப் போறேன்?"

உள்ளே போனாள். மத்தியான வெயில் கூரை இடுக்கில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்து இரண்டு மாதமாகியும் வீடெங்கும் புதிதாய்க் குழைத்த சேற்றின் வாடை, அதற்கடியில் அம்மாவின் முட்டித் தைல வாடை. போர்வை தொங்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. புதுச் சுவர் அல்ல. வெடிப்பும் ஒட்டடையுமாகப் பல வருடமாக அங்கேயே நின்ற சுவர். வெளியே ஓடிச் சுற்றிவந்து பார்த்தாள். அறை நின்ற இடத்தில் இடுப்புயரத்துக்கு முள்செடி. திரும்ப உள்ளே ஓடிவந்தாள்.

"அம்மா."

"வந்துட்டியா பாப்பா?"

குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்தது.

"போர்வை எந்தப் பக்கம்னு தெரியல. கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அவ்ளோதான். நீ சாப்டியா?"

சுவரின் கனம் ஒன்றரை அடி. அவளே அளந்தது.

வரைபடத்தை விரித்து, விட்டுப்போன அறையைப் பென்சிலால் இழுத்தாள். நீளம் ஏழு. அகலம்? அளந்ததே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்துகூடப் பல வருடம். பென்சில் முனை ஒடிந்தது. மூலையில் கடப்பாரை கிடந்தது. தூக்கினாள்.

வாசலில் ஜீப் நின்றது.

"என்னம்மா, கையில கடப்பாரை?" பேராசிரியர் சிரித்தபடி குனிந்து நுழைந்தார். "நாப்பது வருஷமா அசையாம நிக்குது. நீ இடிச்சிடாத."

எங்க அம்மா உள்ளே இருக்காங்க. நாலே வார்த்தை. இது எங்க வீடு. அது இன்னும் சின்னது. வாயில் வந்தது வேறு.

"பாம்பு இருக்கும்னாங்க சார்."

"யாரும் குடியில்லல்ல?"

சுவருக்குள் மூச்சு ஒன்று நின்றது.

"இல்ல சார்."

கடப்பாரையைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல்.

"என் முட்டியவிட இது திடமா இருக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் சுவரில் சாய்ந்தார். வெள்ளைச் சட்டை. அவர் தோளுக்குப் பக்கத்தில் பூச்சு மெல்ல உப்பியது. விரிந்தது. ஒரு விரல் வந்தது. பிறகு மூன்று. நகமெல்லாம் சேறு. காற்றில் துழாவின. சட்டையின் சூட்டை உணர்ந்ததும் அப்படியே நின்றன.

பிறகு, துணியில் அழுக்குப் படாமல், ஒவ்வொன்றாக மடங்கி உள்ளே போயின.