மீனம்மா போடாத கோடுகள்

அறை வாசலுக்கு அப்பால் ஒரு கோடு கோணலாகக் கிடந்தது.

வீரபாகு கட்டில் விளிம்பில் இருந்தபடியே அதைக் கண்டார். காய்ச்சலில் கண் மங்குகிறதோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தார். கோணல் கோணலாகத்தான் இருந்தது. அவர் மனைவி மீனம்மா கோணலாகக் கோடு போடுகிறவள் அல்ல. வாசலில் கோலம் போட்டால் அடிமட்டம் வைத்து நேர்கோடு இழுத்ததுபோல இருக்கும், பார்க்கிற பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

நடுக்குவாதம் வந்ததிலிருந்து வாசல்களைக் கண்டால் வீரபாகுவின் கால்கள் நிலத்தோடு ஒட்டிப்போய்விடும். போ, போ என்று மனம் விரட்டும், கால் ஏனென்றும் கேட்காது. வவுனியா கிளினிக்கில் வேலைசெய்கிற ஒரு பெண்பிள்ளை சொல்லித் தந்த வித்தைதான் இந்தக் கோடு. நிலத்தில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தால் போதும், அதைத் தாண்டவென்று கால் தன்பாட்டில் எழும்பிவிடும். அது ஏன் அப்படி என்று அந்தப் பிள்ளை விளக்கியது வீரபாகுவின் தலைக்குள் ஏறவில்லை. மீனம்மா விளக்கத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. அன்றைக்கே சுண்ணாம்பைக் கரைத்து, வெள்ளையடிக்கிற பிரஷ்ஷால், கட்டிலடியிலிருந்து முன்னறைக்கும் முன்னறையிலிருந்து விறாந்தைக் கதிரைக்கும் சிவப்புச் சீமெந்து நிலத்தில் வரிசையாக இழுத்துவிட்டாள். சமைக்கிற குசினியால் போகிற பின்பக்கம் மட்டும் ஒரு கோடும் போடவில்லை. அங்கே கிணறு இருக்கிறது. அதன் கட்டு ஒரு பக்கம் சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து இடிந்தது, இன்னும் கட்டப்படவில்லை. "அந்தப் பக்கம் போறதெண்டால் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

இப்போது பிடிக்க அந்தக் கை இல்லை. இரண்டு பேருக்கும் கொரோனா என்று முந்தாநாள் சொன்னார்கள். கேற்றில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நேற்றுப் பின்னேரம் மீனம்மாவுக்கு மூச்சு முட்டியது. வந்த ஆம்புலன்ஸில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. "ஐயாவை நாளைக்கு வந்து ஏத்திறம்" என்றார்கள். வாகனம் புளியங்குளம் பக்கம் திரும்பும்வரை அவள் உள்ளேயிருந்து எதையோ கத்திக்கொண்டே போனாள். மருந்தைப் பற்றித்தான் இருக்கும். குளிசைப் போத்தல் முன்னறையில் ரீவி மேசையில் இருந்தது. இரவு போடவேண்டியது தவறிவிட்டது. இனியும் தவறினால் உடம்பு கட்டையாகிவிடும், தண்ணீர்கூட உள்ளே இறங்காது. ஆம்புலன்ஸ் வருமுன் அந்தப் போத்தலை எட்டியாக வேண்டும்.

எழுந்தார். அறைக்குள் இருந்த கோடுகள் மீனம்மாவின் கோடுகள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று கால்கள் பிசகாமல் தாண்டின. வாசலில் வந்து நிமிர்ந்து பார்த்தார்.

முன்னறைக்குப் போகிற கோடுகள் ஒன்றுமே இல்லை. யாரோ துடைத்திருந்தார்கள். நிலத்தில் துணி போன தடம் இன்னும் ஈரமாக மினுங்கியது. அந்தக் கோணல் கோட்டிலிருந்து இடப்பக்கமாகத் திரும்பி, புதிய கோடுகள் குசினிக்குள் போயின. எல்லாமே நெளிந்து நெளிந்து, நடுங்குகிற கையால் இழுத்ததுபோல இருந்தன.

முதலில் தன்னையே சந்தேகித்தார். காய்ச்சல் வேகத்தில் இரவு தானே எழும்பி இழுத்திருக்கலாம். கைகளைத் தூக்கிப் பார்த்தார். வலக்கை வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்தது. நகத்திலோ ரேகையிலோ ஒரு பொட்டு வெள்ளையும் இல்லை. குனிந்து மோந்து பார்க்கலாம் என்றால் மூக்கு செத்து மூன்று நாளாகிறது. சுண்ணாம்பும் ஒன்றுதான், சோறும் ஒன்றுதான், இந்த வீட்டுக்கு இப்போது மணமே கிடையாது.

கழுத்தில் மீனம்மா தைத்து மாட்டிவிட்ட துணிப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"விடிய மருந்து போட்டனீங்களோ?" ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இல்லை. இப்பதான் எழும்பினனான். மீனம்மா, நேற்று வெளிக்கிட முன்னம் புதுசாக் கோடு ஏதும் போட்டனியோ?"

"கோடோ? நிக்கவே ஏலாமல் கிடந்தன். என்ன கோடு?"

"வாசலால திரும்பிக் குசினிப் பக்கம் போகுது."

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது மீனம்மா சின்னப் பிள்ளை. பேச்சும் பழக்கமும் இந்த ஊருக்கே மாறிவிட்டன. பயம் வந்தால் மட்டும் பழைய தோட்டத்துப் பேச்சு வாயில் வரும். ஷெல்லடிக்குள் ஓடியபோது வந்தது. இப்போதும் வந்தது.

"என்னங்க சொல்றீங்க? அந்தப் பக்கம் நான் போடவே இல்லீங்களே. பாக்காதீங்க. அதப் பாக்காதீங்க. திரும்பிக் கட்டில்லயே உக்காருங்க."

பிறகு இருமல் வந்தது. நிற்காத இருமல். யாரோ போனை வாங்கி, "அம்மாவுக்கு ஒக்சிசன் வைக்கோணும், பிறகு எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

திரும்புவதென்று நினைத்தார். நினைக்கத்தான் முடிந்தது. கால்கள் வாசல் நிலையடியில் ஒட்டிவிட்டன. திரும்புவதற்கும் ஒரு கோடு வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கிற கோட்டைக் கண்ணால் எப்படிப் பிடிப்பது? போத்தல் தெரிந்தது, பச்சை மூடிகூடத் தெரிந்தது. நடுவில் வெறும் நிலம், குளம்போல அகலமாக. வலக்காலைத் தூக்கப் பார்த்தார். தொடை துடித்தது, பாதம் அசையவில்லை. தன் காலின்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. வாய்விட்டு ஏசப் பார்த்தார், ஏச்சும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

வெயில் யன்னலால் இறங்கி நிலத்தில் நகர்ந்தது. கேற்றில் தகரம் அதிர்ந்தது.

"வீரபாகு அண்ணை! சோத்துப் பாசல் கேற்றில கொழுவியிருக்கு. நான் போன பிறகு வந்து எடுங்கோ. வேலிப்பக்கம் மட்டும் வந்திடாதேங்கோ!"

பக்கத்துக் காணித் தயாபரன். கெட்டவன் அல்ல. ஆனால் நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து, இந்தக் கொரோனா வருத்தத்தை ஊருக்குள் கொண்டுவந்ததே இந்த வீடுதான் என்று கடையில் நின்று சொன்னவனும் அவன்தான். தூரத்தில் நின்று நல்லவனாக இருக்கப் பார்க்கிறான். வீரபாகு அவனைக் கூப்பிட்டார். போனில் முணுமுணுக்கலாம், கத்துகிற குரலை நோய் எப்போதோ தின்றுவிட்டது. உதட்டைத் தாண்டி வந்தது வெறும் காற்று. சைக்கிள் சத்தம் தேய்ந்து போனது.

வீடு அடங்கியது. கூரையில் ஓடு சூடேறி முறிகிற சத்தம், குழாயில் சொட்டுகிற தண்ணீர், தன் நெஞ்சுக்குள் இழுக்கிற சளி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவற்றுக்கு நடுவில் இன்னொரு சத்தமும் இருந்தது. அது எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை.

சரக்.

குசினிக்குள். சீமெந்தில் பிரஷ் இழுபடுகிற சத்தம். இழுபடும்போதே நடுங்குகிற சத்தம்.

சரக். சரக்.

கண்களை இறுக மூடிக்கொண்டார். பார்க்காவிட்டால் கால் போகாது. மீனம்மா சொன்னதும் அதுதான். ஆம்புலன்ஸ் வரும். வந்து கூப்பிடுவார்கள், கதவை உடைப்பார்கள், அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும். முருகா, அது மட்டும் போதும்.

சத்தம் நின்றது. பாதத்தின் பெருவிரலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது.

கண் திறந்துவிட்டது.

விரலைத் தொட்டபடி ஒரு கோடு. இப்போதுதான் போட்டது. சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. வாசலில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

கால் எழும்பியது.

வேண்டாம் என்று நிலையைப் பிடித்தார். விரல்கள் வழுக்கின. ஒன்றைத் தாண்டினார். அடுத்தது தெரிந்தது. அதையும் தாண்டினார். இந்த நோயில் இன்னொரு கொடுமை உண்டு. நின்றால் நடக்க முடியாது, நடந்துவிட்டால் நிற்க முடியாது. அடிகள் சிறுக்கும், வேகம் கூடும், உடம்பு முன்னால் சாய்ந்து தன்னைத்தானே துரத்தும். தடுக்கிறதென்றால் மீனம்மா குறுக்கே வந்து நெஞ்சில் கைவைக்க வேண்டும். குசினியைக் கடந்தார். மீனம்மா எப்போதும் தாழ் போட்டுவைக்கிற பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

முற்றத்து மண்ணிலும் கோடுகள். வெள்ளையாக. நெருக்கமாக.

"அட, அண்ணை!" வேலிக்கு அப்பால் தயாபரன் நின்றான். "என்ன விறுவிறெண்டு நடக்கிறியள்! மருந்து நல்லா வேலை செய்யுது போல!"

வீரபாகு அவனைப் பார்த்தார். தயாபரா, ஓடி வா. தயாபரா, என்னைப் பிடி. முகம் மரக்கட்டையாகவே இருந்தது. பயத்தைக் காட்டவும் தசை வேண்டும், அதுவும் அவரிடம் இல்லை.

"நில்லுங்கோ, வீடியோ எடுத்து மீனம்மா அக்காவுக்கு அனுப்பிறன். பார்த்தா அவா சந்தோசப்படுவா." போனைத் தூக்கிப் பிடித்தான்.

அடுத்த கோடு. அடுத்த கோடு. வாழையைத் தாண்டி. துவைக்கிற கல்லைத் தாண்டி.

இடிந்த பக்கம்.

கோடுகள் விளிம்பில் முடியவில்லை. கிணற்றின் உட்சுவரில், ஒன்றின்கீழ் ஒன்றாக, இருட்டுக்குள் இறங்கிப் போயின. அடியில் தண்ணீர். தண்ணீருக்குச் சற்று மேலே, பாசிபிடித்த கல்லில், ஒரு கை. தோளில்லை, உடம்பில்லை. கை மட்டும். நடுங்கி நடுங்கி அடுத்த கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஒருக்கா இஞ்சால பாருங்கோ!" என்று சிரித்தபடி கத்தினான் தயாபரன்.

வீரபாகுவின் கால் அதற்குள் எழும்பிவிட்டது.