ஓரக்கண்ணில் தெரியும் துடிப்பு

"இது என்ன வீடா, நகைக்கடையா? விடிஞ்சும் விடியாம மாடிப்படியில இவ்வளவு வெளிச்சம்!"

மாமியாரின் குரல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. சமையலறையில் மருமகள் பால் பொங்கி வந்த அடுப்பைத் தணித்துவிட்டுப் பேசாமல் நின்றாள். படி விளக்குகளைக் கூட்டி வைத்தவள் அவள்தான்.

"ஊருக்கெல்லாம் அளவா வெளிச்சம் போட்டுத் தர்றவங்க வீட்டுல கண்ணு கூசுது! கேட்டா ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிறது..."

மேசையில் உட்கார்ந்திருந்த கணவரின் கை காபி டம்ளரைத் தேடியது. டம்ளர் சற்றுத் தள்ளி, வலது ஓரத்தில் இருந்தது. அவள் மேசையைத் துடைப்பதுபோல் வந்து அதை அவர் விரல் படும்படி நகர்த்தினாள். அத்தை கவனிக்கவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

வீடுகளுக்கு விளக்குக் கட்டுப்பாடு அமைத்துத் தருவது அவர்கள் தொழில். ஒரு பட்டனைத் தொட்டால் சாப்பாட்டுக்கு ஒரு வெளிச்சம், படிக்க ஒரு வெளிச்சம், உறங்கப் போகையில் வேறொன்று. கொழுந்தன் ஆர்டர் பிடிப்பான். எந்தப் பட்டனுக்கு எந்த விளக்கு என்பதை அவள் கணினியில் அமைப்பாள். ஒயர் இணைப்பும் கடைசிச் சோதனையும் கணவருடையவை. திரைச்சீலைகளை இழுத்து மூடி, எல்லா விளக்குகளையும் அணையும் தறுவாய் வரை மங்க வைத்துவிட்டு நடுவில் நிற்பார். மட்டமான சரக்கு அப்போதுதான் துடித்துக் காட்டிக்கொடுக்கும். "நேராப் பார்த்தா ஏமாத்திடும். ஓரக்கண்ணால பாரு" என்பார். ஒரு விளக்கு துடித்தாலும் ஒரே வார்த்தைதான்... "கழட்டு!" வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயரே 'கழட்டு அண்ணன்'. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஜனங்கள் அவர்களைத் தேடி வந்தார்கள்.

அந்த ஓரக்கண்தான் இப்போது போய்க்கொண்டிருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். ஆஸ்பத்திரி வாசலில் அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட கூட. கண்ணு தெரியாதவன் வெளிச்சம் போட வர்றான்னு சிரிப்பாங்க... சத்தியம் பண்ணு." பண்ணினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனையிலும் அவர் பின்னால் அவள் நின்றாள். விளக்கு துடித்தால் முழங்கையை மெல்லத் தொடுவாள். அவர் "கழட்டு!" என்பார். "அண்ணன் அண்ணியை விட்டு அரை நாழிகை இருக்க மாட்டாரே!" என்று வேலையாட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

கொழுந்தன் போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பல் டாக்டர் வீட்டுல மானம் போச்சு! உறங்கப் போகும்போது தொடுற பட்டனைத் தொட்டா தோட்டத்து விளக்கு அணையணும். அணைஞ்சது அவங்க அப்பா இருந்த குளியலறை விளக்கு! பெரியவர் இருட்டுல தடுமாறி விழுந்து கை பிசகிப் போச்சு. இனிமே யாரும் வந்து கையே வைக்காதீங்கன்னுட்டாங்க. யாரு பண்ணின வேலை இது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தைக்கு மூட்டுவலி என்று அவள் ஆஸ்பத்திரிக்குத் துணை போன நாளில், அவர் தனியாக இணைத்த ஒயர்கள் அவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தம்பி... பட்டனை மாத்திப் போட்டுட்டேன்."

"நினைச்சேன்!" என்றாள் மாமியார். "என் பிள்ளை ரத்தத்தைச் சிந்திச் சேர்த்த பேரு! ஒரே நாள்ல கப்பலேத்திட்டியே! புருஷன் வாலைப் பிடிச்சுக்கிட்டு சைட்டு சைட்டா சுத்தத் தெரியுது, பார்க்கிற வேலையில கவனம் இல்ல!"

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அவங்ககிட்ட உங்க தப்புன்னே சொல்லிடறேன். இனிமே நீங்க சைட்டுக்கு வர வேண்டாம்."

அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை... "அவ இல்ல" என்று ஒரு வார்த்தை!

"சரி, விடுங்க" என்றார் கணவர். எழுந்து வாசலுக்கு நடந்தார். நிலையில் தோள் இடித்தது. யாரும் பார்க்கவில்லை, அவளைத் தவிர.

அன்று மாலை கொழுந்தன் படி விளக்குகளைப் பழைய அளவுக்கே குறைத்தான். பிறகு கணவர் சுவரைத் தடவித் தடவி இறங்குவதைச் சமையலறையிலிருந்து பார்ப்பாள். "சைட்ல என்னங்க பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "சமாளிக்கிறேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தியத்தை அவள் மீறவில்லை. துவைத்தாள், சமைத்தாள், அத்தையின் காலுக்கு எண்ணெய் தடவினாள். அந்தக் கால்தான் அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது. அதை மட்டும் சொல்லிக்காட்டவில்லை.

அவர்கள் இதுவரை எடுத்ததிலேயே பெரிய வீடு ஒன்று முடியும் நாள் வந்தது. மாலையில்தான் திரும்புவார்கள் என்று இருந்தாள். நண்பகலிலேயே வண்டிச் சத்தம் கேட்டது. முதலில் உள்ளே வந்தவன் கொழுந்தன். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா... அண்ணனுக்குக் கண்ணு தெரியலம்மா!"

மாமியார் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"திரையை மூடி மங்க வச்சுட்டு நின்னாரு. வீட்டுக்காரங்க, வேலைக்காரங்க எல்லாரும் நிக்கிறோம். 'சரி'ன்னு சொன்னா சாவியைக் கொடுத்துட்டு வந்துடலாம். சொல்லல. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம், 'பார்க்காத விளக்கை எப்படிடா சரின்னு சொல்றது... எனக்கு ஓரம் தெரியலடா'ன்னு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு... பல் டாக்டர் வீட்டு ஒயரை மாத்தினதும் அவர்தானாம். அண்ணி... என்னை மன்னிச்சிடுங்க அண்ணி!"

மாமியார் தடுமாறி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பாவி நான்... நாக்குல தேளை வச்சிருக்கேனே! அந்த வெளிச்சம் அவனுக்காகவா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி என் கண்ணு!"

அவள் அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை வரவில்லை. கணவர் வாசற்படி அருகிலேயே நின்றிருந்தார்.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "ஒரு கெட்ட விளக்கு தப்பிடக் கூடாதுன்னு எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொன்னீங்க. எனக்காகச் சொல்லலையே..."

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் குனிந்து, விழுந்த தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

மறுநாள் காலை படி விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கூட்டி வைத்தவள் மாமியார். கொழுந்தன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணி, நீங்க வந்து பார்த்தாத்தான் பெரிய வீட்டை முடிக்க முடியும். அவங்க காத்துட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும்" என்றார் கணவர் படியிலிருந்து. "முதல்ல பல் டாக்டர் வீடு." அவள் பக்கம் திரும்பினார். "நீயும் வர்றியா? வரலைன்னாலும் நான் போவேன்."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் பெரியவர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் சுருங்கியது. "அந்தம்மாவா? இன்னும் எதை அணைக்க வந்திருக்காங்க?"

கணவர் அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ஒயரை மாத்தினது நான். இவ இல்ல. எனக்குக் கண்ணு குறைஞ்சு போச்சு, வெளியே தெரிஞ்சா கேவலம்னு மறைச்சேன். அவ பழியைச் சுமந்தா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்... பார்த்துக்கிட்டே இருந்தேன்யா!"

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கைதான்ப்பா பிசகிச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றார். பிறகு அவளிடம், "உட்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. "முதல்ல உங்க குளியலறையைப் பார்த்துடறேன் ஐயா" என்றாள்.

ஒயர்களை அவள் சொல்லச் சொல்லக் கொழுந்தன் மாற்றி இணைத்தான். பிறகு திரைச்சீலைகளை மூடினாள். விளக்குகளை அணையும் தறுவாய் வரை இறக்கினாள். கணவர் அவள் தோளருகே சற்றுப் பின்னால் வந்து நின்றார். இதுவரை அவள் நின்ற இடம் அது.

"ஓரக்கண்ணால பாரு" என்றார்.

பார்த்தாள். விளக்குகள் அசையாமல் நின்றன. ஒன்று மட்டும், வாசலை ஒட்டியது, துடித்தது. அதற்கும் இப்பால், கண்ணின் கடைசி ஓரத்தில், அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். நேராகத் திரும்பியிருந்தால் மறைத்திருப்பார். அவள் திரும்பவில்லை.

அப்போதுதான் அவளுக்கும் கண் நிறைந்தது.

"வாசல்கிட்ட இருக்கிறது துடிக்குதுங்க" என்றாள்.

"நீயே சொல்லு" என்றார் உடைந்த குரலில்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, அதைக் கழட்டுங்க!"

பிறகு, இருட்டில், கையைப் பின்னுக்கு நீட்டினாள். "கீழே ஒயர் கிடக்கு. பிடிச்சுக்கிட்டு வாங்க."