அட்டையில் நின்ற ஆட்டக்காரர்

ஹெட்டிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இடுப்புக்கு நேரா வந்துச்சேடா பந்து! ஏன்டா அடிக்கல?"

"அட்டையில பந்து தலைக்கு மேலதான இருக்கு?" என்றான் தம்பி ஆர்வில்.

அப்பாவின் சிகரெட் பெட்டியில் வந்த அட்டை அது. அதில் ஒரு பேஸ்பால் வீரர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, உயரே நிற்கும் பந்தை முறைத்துக்கொண்டிருப்பார். ஆர்விலும் அவரைப் போலவே இரண்டு கைகளுக்கும் நடுவே இடம் விட்டு மட்டையைப் பிடிப்பான். அவரைப் போலவே முறைப்பான். அவரைப் போலவே அசையாமலும் நிற்பான். வம்பே அங்கேதான். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் ஆட்டக்காரர் வெளியே. ஆர்விலோ வருகிற பந்துக்கெல்லாம் விருந்தாளிபோல வழிவிட்டான்.

சனிக்கிழமை ஆலைத் தெருப் பையன்களோடு போட்டி. தோற்றால், ஐஸ் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மனை கோடை முழுக்க அவர்களுக்கு. ஆட ஒன்பது பேர் வேண்டும்; ஹெட்டியின் அணியில் இருந்ததே ஒன்பது பேர். ஆர்விலை உட்கார வைக்கவும் வழியில்லை.

"அந்த அட்டைய கிழிச்சுப் போடறேன் பாரு!"

"கிழிச்சுக்கோ. எனக்கு மனப்பாடம்."

பிடுங்கிய கையோடு ஹெட்டி அட்டையை உற்றுப் பார்த்தாள். வீரரின் காலடியில் புல் இல்லை. பூப்போட்ட கம்பளம்!

தம்பியை இழுத்துக்கொண்டு கடைவீதிக்கு ஓடினாள். அங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த டாபின் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இவரு எங்க ஆடறாரும்மா? பந்து கயித்துல தொங்குது. கயித்த மை வெச்சு மறைச்சுட்டாங்க. கொஞ்சம் அசைஞ்சாலும் படம் பாழ். மூச்சக்கூட அடக்கிட்டு நிக்கிறாரு, பாவம்!"

ஆர்விலின் முகம் தொங்கிப்போனது. "அப்போ அவர் அடிக்கவே இல்லையாக்கா?"

நாக்கு நுனிவரை வந்த கிண்டலை ஹெட்டி விழுங்கிக்கொண்டாள்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி நிக்கிறது மட்டும்தான்டா படத்துல இருக்கு. அதுக்கப்புறம் என்னன்னு நீ ஆடிக் காட்டு."

டாபினிடமே கயிறு வாங்கிப் பந்தைக் கட்டினாள். "இங்க வேணாம்! கண்ணாடி! கண்ணாடி!" என்று அவர் அலற, இருவரும் வீட்டுக்கு ஓடித் துணிக்கொடியில் தொங்கவிட்டார்கள். இடுப்பளவு உயரத்தில். இருட்டும்வரை அடித்தான். அம்மாவின் போர்வை ஒன்று அடிவாங்கியது தனிக்கதை.

சனிக்கிழமை, போட்டியின் கடைசிச் சுற்று. இரு அணியும் சமம். ஆர்வில் வந்து நின்றான். அதே பிடி. அதே முறைப்பு. முதல் பந்தை விட்டான். இரண்டாவதையும் விட்டான். ஹெட்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக்!

பந்து ஐஸ் கிடங்கின் கூரையைத் தாண்டிப் பறந்தது. ஆர்வில் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓடுடா! அடிச்சா ஓடணும்டா, மரமண்டை!"

ஓடினான். அந்தக் கோடை முழுக்க, சாயங்காலமானால் காலி மனையிலிருந்து ஹெட்டியின் அந்தக் கத்தல் தெருக்கோடிவரை கேட்டது.