நாற்பதில் நின்ற முள்

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற காசிநாதனைத் தேடி வருகிறவர்கள், போகக்கூடிய கதவையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஆக்னஸும் அப்படித்தான் வந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை அவளுக்கு. மடியில் ஒரு தோல் பை, மஞ்சள் நூலில் இரட்டைத் தையல் போட்டது.

அவள் புருஷன் ஜேக்கப், தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி வாஹித் பாஷாவின் வெளிநாட்டு டர்போ காரை ஓட்டுகிறவன். போன வாரம் நல்ல மழையில், பள்ளிகொண்டா அருகே நடுரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி மோதியதில், காரில் இருந்த முதலாளியின் ஒரே மகன் செத்துப்போனான். ஆயில் மொத்தமும் ஒழுகியதைக்கூடப் பார்க்காமல் குடித்துவிட்டு ஓட்டினான் என்று வழக்கு. ஜேக்கப் இப்போது வேலூர் ஜெயிலில்.

"ஆயில் பிரஷர் மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் நாப்பதுலதான் நின்னுச்சாம் சார். யாரும் நம்பல. அவரை இப்படி ஆக்கினது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

எழுந்தவள் இன்னொன்றும் சொன்னாள். இந்தப் பையை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்கு வராதே என்று ஜேக்கப் சொன்னானாம். பழைய பை, வெட்கப்படுகிறான் போல என்றாள்.

காசிநாதனோடு ஒட்டிக்கொண்டு திரியும் போட்டோக்காரன் ஜார்ஜ், கார் கிடந்த போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் ஊகத்திலேயே இரண்டு கொலைகாரர்களைத் தயார் செய்துவிட்டான். காசிநாதன் நசுங்கிக் கிடந்த காருக்குள் தலையை விட்டு மீட்டரைப் பார்த்தார். முள் இன்னமும் நாற்பதில் நின்றது.

"செத்து ஒரு வாரம் ஆன இன்ஜினுக்கு நாடி துடிக்குது பாரு."

மீட்டர் கெட்டிருக்கும் என்றான் ஜார்ஜ். காசிநாதன் சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சாட்சியாக நிற்கவைத்து, இன்ஜினிலிருந்து மீட்டருக்கு ஆயில் கொண்டுவரும் குழாயின் நட்டை மீட்டரின் பின்னால் தளர்த்தினார். சொட்டு ஆயில் கசிந்தது. முள் சடக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மீட்டர் நன்றாகவே இருந்தது.

பிறகு குழாய் போன வழியே பார்த்துக்கொண்டு போனார். செம்புக் குழாய் அதிர்வில் விரிசல் விடுகிறதென்று ஜேக்கப்பே மாற்றிப் போட்ட பிளாஸ்டிக் குழாய் அது. இன்ஜினில் அதிகம் சூடேறும் டர்போவின் பக்கமாகப் போகும் இடத்தில், சூடு படாமலிருக்கத் தோலுறை மாட்டியிருந்தது. ஆம்பூரில் சைக்கிள் சீட்டிலிருந்து கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் தோல்தான் வைத்தியம், அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த உறை சுருங்கிக் குழாயின் கழுத்தை நெரித்திருந்தது. ஜார்ஜ் அதைக் கிட்டத்தில் படம் எடுத்தான்.

மறுநாள் பஸ் நிலையத்து டீக்கடையில் ஆக்னஸைச் சந்தித்தார்கள். காசிநாதன் கொதிக்கும் வெந்நீர் வாங்கி இரண்டு துண்டுத் தோலைப் போட்டார். குரோம் உப்பில் பதனிட்ட தோல் போட்டபடியே கிடந்தது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் சுருண்டு விறைத்தது. தோல் ஷாப்புகளில் தினமும் நடக்கிற சோதனைதான்.

"மழைத்தண்ணி, டர்போ சூடு. உறை சுருங்கிக் குழாயை அடைச்சிடுச்சு. மாட்டிக்கிட்ட ஆயில்தான் முள்ளை நாப்பதுல பிடிச்சு வெச்சிருந்தது. அப்புறம் டர்போவுக்குப் போற லைன் ஒடைஞ்சு ஆயில் பூரா ஒழுகியும் முள்ளு எறங்கல. உன் வீட்டுக்காரன் பொய் சொல்லலம்மா."

"அப்ப அந்த உறையைத் தைச்சவன் யாரு சார்?" என்றான் ஜார்ஜ் ஆவலாக. முந்தின நாளே சப்-இன்ஸ்பெக்டர் ஜெயிலில் கேட்டபோது ஜேக்கப், ரோட்டில் கிடந்ததை எடுத்து மாட்டினேன் என்று சொல்லியிருந்தான்.

காசிநாதன் சுருண்ட தோலை டம்ளரிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். அப்போதுதான் ஜார்ஜுக்கு, ஆக்னஸின் பையில் இருந்த அதே மஞ்சள் நூலை உறையிலும் கேமரா வழியே பார்த்தது நினைவுக்கு வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான்தான் தைச்சேன்," என்றாள் ஆக்னஸ். "அவரு குரோம்தான் கேட்டாரு. மெத்துனு இருக்கேன்னு லைனிங் துண்டுல தைச்சிக் குடுத்தேன். அது பட்டைத் தோலு."

இதைப் போய்ச் சொன்னால் அவரை விட்டுவிடுவார்களா என்று கேட்டாள்.

"குடிச்சிட்டு மீட்டரைப் பாக்கலங்கிற பேரு போவும். கேஸ் போவாது. குழாய் போட்டது அவன் கை. கேஸ்ல உன் பேரும் சேரும், அவ்ளோதான்." சொல்லும்போது காசிநாதனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு சார். பையைக் கொண்டு வராதேன்னதை வெக்கத்துல சொல்றாருன்னு நெனச்சிட்டேன்."

வேலூர் பஸ் வந்தது. ஆக்னஸ் அந்தப் பையை, தையல் வெளியே தெரியும்படி மார்போடு பிடித்துக்கொண்டு ஏறினாள்.