விளக்கு சிமிட்டும்வரை

"ரெண்டு பேருதானே?" என்றாள் தொலைபேசியில், கூப்பிட்டால் வரும் சின்ன பஸ்ஸுக்கு முன்பதிவு எடுக்கும் பெண்.

இட்வல் மோஸ்டின் பென்சிலைக் கீழே வைத்தார். சமையலறை மேசை முழுக்க ரயில் அட்டவணைகளும் பஸ் அட்டவணைகளும் பரந்து கிடந்தன. தேநீர் எப்போதோ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்க வேண்டிய இடத்தில் மழை இருந்தது.

"ஒருத்தர்மா. நான் மட்டும்தான்."

"அப்படியா? செவ்வாய்க்கிழமை, பான்ட் வெலின், சாயங்காலம் நாலு முப்பத்தெட்டு. ரெண்டு பேருன்னு எழுதியிருக்கே. காலையில நீங்கதானே போன் பண்ணீங்க?"

"நான் இப்பதான் முதல் தடவையா கூப்பிடறேன்."

"குரல் உங்க குரல் மாதிரியே இருந்துச்சு. சரி விடுங்க, சின்ன வண்டின்னாலும் எடம் நெறைய இருக்கு. அந்நேரத்துக்கு இருட்டிடும். கையை நல்லா நீட்டுங்க, என்ன?"

வைத்துவிட்டாள். இட்வல் தன் திட்டத்தாளைப் பார்த்தார். ரயில் பச்சை, பஸ் நீலம், காத்திருப்பு சிவப்பு. நான்கு நாள், ஐந்து ரயில், பதினோரு பஸ். கடற்கரையிலிருந்து எல்லைவரை, கார் என்கிற பொருளைத் தொடாமல். தாளில் எல்லா இடத்திலும் 'ஒருவர்' என்றுதான் இருந்தது.

வேல்ஸில் மழைக்கும் ஆட்டுக்கும் அடுத்தபடி தாராளமாகக் கிடைப்பவை சங்கங்கள். இட்வல் தலைவராக இருந்தது காரில்லாப் பயணர் கழகத்துக்கு. உறுப்பினர்கள் ஏழு பேர். நான்கு பேர் உண்மையிலேயே பயணம் செய்தார்கள். இரண்டு பேர் கூட்டத்தில் தரும் பழரொட்டிக்காக வந்தார்கள். மிச்சம் ஒருவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. பெயரை நீக்கும் தீர்மானம் போதிய வருகையின்றி ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர் என்பதால் தலைவருக்குப் பொன்மொழி உதிர்க்கும் வியாதி இருந்தது. 'காரை விட்டவன் காலத்தைத் திரும்பப் பெறுகிறான்' என்று கழகத்தின் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார். ஆறு வருஷம் முன்பு தன் காரைத் துறந்த கதையை, முல்லைக்குத் தேரைக் கொடுத்த வள்ளல் தோரணையில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

வள்ளலுமில்லை, முல்லையுமில்லை. ஆறு வருஷம் முன்பு ஒரு நவம்பர் மாலை, மழையில், பான்ட் வெலின் வளைவில், காரின் இடது முன்பக்கம் எதிலோ தட்டியது. பெரிய சத்தமில்லை. பலகைமேல் ஈரத்துணி மூட்டையை வைத்தால் வருகிற சத்தம். அவர் நிறுத்தவில்லை. ஆடு என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, அது பஸ்ஸுக்குக் காத்திருந்த மெய்ரிக் ப்யூ என்றும், முதியோர் இல்லத்தில் சமையல்காரர் என்றும், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் என்றும் செய்தித்தாள் சொன்னது. பார்த்த சாட்சி யாருமில்லை. இட்வல் காரை வேறு மாவட்டத்துப் பழைய இரும்புக் கிடங்குக்குக் கொண்டுபோய், அது நசுங்கிப் பயணப்பெட்டி அளவுக்குச் சிறுத்ததைக் கூடவே நின்று பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்தார். நான் அவரைப் பார்க்கவேயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அது ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது.

அதனால்தான் அவர் போட்ட எல்லாப் பயணத் திட்டங்களும் அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போயின. போன கூட்டத்தில் மென்னா அதைப் பிடித்துவிட்டாள். முப்பது வருஷம் அந்தப் பக்கமெல்லாம் தபால் கொடுத்தவள். எந்த வீட்டுக் கதவு எந்தச் சத்தத்தில் திறக்கும் என்பதுவரை தெரிந்தவள்.

"ஏம்ப்பா இட்வல், இப்படி நேரா போனா நாப்பது நிமிஷம். நீ என்னடான்னா எங்கள மூணு மணி நேரம் சுத்த விடற. பான்ட் வெலின்ல உனக்குப் பழைய காதலி எவளாச்சும் இருக்காளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பழரொட்டிக்காரர்கள் வாயில் ரொட்டியோடு சிரித்தார்கள்.

"இணைப்பு நம்பகமில்ல மென்னா. சோதிச்சுப் பாக்காத வழியில நான் ஆளுங்கள கூட்டிட்டுப் போறதில்ல."

"அப்ப சோதிச்சுப் பாரு. உனக்கு ஒழியலன்னா நான் போறேன். அங்க நாலு பேரைக் கேட்டா எல்லாம் தெரிஞ்சுடும்." பிறகு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, போகிற போக்கில் கேட்டாள்: "ஆமா, நீ காரை விட்டது எந்த வருஷம்னு சொன்னே?"

"நானே போறேன்," என்றார் இட்வல், சற்று அவசரமாக.

செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டி ரயில் கழிமுகத்தை ஒட்டி ஊர்ந்தது. ஓதம் வற்றிக் கிடந்த சேற்றின் மேல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. இட்வலால் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. பையைத் திறந்தார், மூடினார், அட்டவணையை எடுத்தார், மடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மணி பார்த்ததை மறந்து மறுபடி பார்த்தார். ஹெலிக் ஒரு கேட்டு நிற்கும் நிறுத்தம். முன்கூட்டியே கார்டிடம் சொன்னால்தான் ரயில் நிற்கும். கார்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, கழகத் தலைவர் குரலில், "ஹெலிக்ல இறங்கணும் தம்பி," என்றார்.

"தெரியும் சார். உங்க கூட வந்தவரு அப்பவே சொல்லிட்டாரு."

"என் கூட யாரும் வரலியே."

கார்டு பின்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நடந்துவிட்டான். பெட்டியின் கடைசி வரிசையில் யாருமில்லை. இட்வல் எழுந்துபோய்ப் பார்த்தார். ஜன்னலோர இருக்கைத் துணி ஈரமாக இருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, சரியாக அந்த வடிவத்தில். நனைந்த கம்பளி நாற்றம். அதற்கடியில் இன்னொரு வாசனை, வீட்டு வாசனை, இந்த இடத்தில் இருக்கவே கூடாத வாசனை. வதக்கிய வெங்காயம்.

ஹெலிக்கில் இறங்கியது அவர் ஒருவர்தான். நடைமேடையில் ஒரு விளக்குக் கம்பம், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஆனால் ரயில் கிளம்ப வேண்டிய நேரத்துக்குக் கிளம்பாமல், மெதுவாக இறங்கும் யாருக்கோ காத்திருப்பது போலக் கூடுதலாகக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது.

பஸ் மூன்றரைக்கு வந்தது. ஓட்டுநர் நெஸ்டா என்ற பருத்த பெண்மணி. கழகக் கையேட்டின் அட்டையில் இட்வலின் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"அட, வாத்தியாரே! படத்துல இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சே? ஏறுங்க, ஏறுங்க."

ஏறினார். அவள் கதவை மூடவில்லை. ஈரக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கிளம்பலாமே," என்றார் இட்வல்.

"இருங்க, உங்க ஆளு வரட்டும். கால் சரியில்ல போல, பாவம்."

அவர் திரும்பிப் பார்த்தார். வேலி, பனிமூட்டம், வேலிமேல் சிக்கிய ஆட்டுரோமம். வேறொன்றுமில்லை. ஆனால் பஸ்ஸின் படிக்கட்டுப் பக்கம் லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. நெஸ்டா தலையாட்டி, "ஆச்சு," என்று கதவை மூடினாள்.

இட்வல் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அவருக்குப் பழக்கமான வேலைதான். வண்டி குறுகலான பாதையில் மலையைச் சுற்றி ஏற, இருபக்கக் கற்சுவர்களும் நெருங்கி வர, நாலு மணிக்கெல்லாம் வானம் அணைந்துபோய்க் கண்ணாடியில் தன் முகமே தெரியத் தொடங்க, வெங்காய வாசனை ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது. பஸ்ஸின் கண்ணாடித் துடைப்பான்கள் சத்தமில்லாமல் அசைந்தன. அப்படியும் எங்கோ ஒரு துடைப்பான் கிரீச்சிட்டது. கீச்... டக். கீச்... டக். ரப்பர் தேய்ந்த, அவருடைய பழைய காரின் துடைப்பான். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அந்த இலையுதிர்காலம் முழுக்க அவர் தள்ளிப்போட்டு வந்தது.

திரும்பிப் போய்விடலாம். இதே பஸ்ஸில். மென்னாவிடம் என்ன சொல்வது? வெண்ணெய்க் கத்தியோடு அவள் முகம். எந்த வருஷம்னு சொன்னே?

பான்ட் வெலினில் இறங்கினார். கற்பலகைக் கூரை போட்ட நிழற்குடை. கீழே பாலத்தடியில் ஆறு இரைந்தது. நெஸ்டா கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"அடுத்த வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அந்த வளைவுல உங்களக் கண்டுபிடிக்கறது கஷ்டம், அதனால வெளிச்சம் தெரிஞ்சவுடனே கையை நீட்டிடுங்க. டிரைவர் விளக்கை ரெண்டு தடவை சிமிட்டுவான். பாத்துட்டேன்னு அர்த்தம். எங்க பள்ளத்தாக்குல அதான் வழக்கம். சிமிட்டினப்புறம் கையை இறக்கிட்டு ரோட்டுக்கு வாங்க. அதுக்கு முன்னாடி கால் வெக்காதீங்க."

"சரி."

"சொல்லிட்டேன். ஏன்னா மெய்ரிக்குனு ஒருத்தன், இங்கதான் செத்தான். அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்தான். நாலு நிமிஷம் லேட்டு." அவள் குரல் இறங்கியது. "ரொம்ப கவனமான ஆளுங்க அவன். விளக்கு சிமிட்டறவரைக்கும் மழையோ புயலோ கையை இறக்க மாட்டான், ஒரு அடி எடுத்து வெக்க மாட்டான். அதான் எனக்கு இன்னிக்கும் புரியல. யாரும் சிமிட்டாம அவன் எப்படி ரோட்டுல இறங்கினான்?"

இட்வல் நிழற்குடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, நான் வரேன். ரெண்டு பேரா இருக்கீங்க, பயமில்ல."

பஸ் பாலத்தருகே திரும்பி, வந்த வழியே போனது. சிவப்பு விளக்குகள் சுவருக்குப் பின்னால் அவிந்தன.

யாரும் சிமிட்டாம.

விரலுக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு இல்லாவிட்டாலும் விரலுக்கு இருந்தது. ஸ்டியரிங் ஓரத்திலிருக்கும் அந்த விளக்குக் குச்சி. மழையில், வளைவில், வெளிச்சத்தின் விளிம்பில், நீட்டிய ஒரு கை. யாரோ ஓசிச் சவாரி கேட்கிறான் என்ற எரிச்சல். தள்ளி நில்லு என்று குச்சியை இழுத்த விரல். ஒரு தடவை. இரண்டு தடவை.

மெய்ரிக் ப்யூ, பார்த்துவிட்டார்கள் என்று நம்பி, கையை இறக்கியிருக்கிறார்.

"பாக்கல," என்றார் இட்வல் இருட்டிடம். "நான் பாக்கவேயில்ல."

நிழற்குடைக்குள் பெஞ்சுப் பலகை முனகியது. யாரோ நகர்ந்து இடம் விட்டது போல.

அவர் உட்காரவில்லை. கைபேசியை எடுத்தார். தொடர்பு இல்லை. மணி நாலு இருபத்தொன்பது. நடந்தார். திரும்பி நடந்தார். ஆறு. மழை. வெங்காயம். நாலு முப்பத்தொன்று. நடந்துவிடலாம், அடுத்த ஊருக்கு மூன்று மைல். ஒரு அடி வைத்தார். பின்னால் இன்னொரு அடி விழுந்தது, இழுத்து இழுத்து. நின்றார். அதுவும் நின்றது. நிழற்குடைக்குத் திரும்பினார்.

நாலு முப்பத்து மூன்று. வண்டிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

மேலே வளைவில் வெளிச்சம்.

சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். சின்ன வண்டி. முன்பதிவு செய்த வண்டி. கதகதப்பான இருக்கைகள். ஒரு ஓட்டுநர். மனிதக் குரல்.

விளக்குகள் தாழ்வாக இருந்தன. வண்டிக்கு இருக்க வேண்டியதைவிடத் தாழ்வாக.

கீச்... டக்.

இல்லை. அது நசுங்கிவிட்டது. அவர் பார்த்தார். பயணப்பெட்டி அளவு. கூடவே நின்று பார்த்தார்.

கீச்... டக்.

கையை நீட்டக் கூடாது. அவ்வளவுதான் செய்ய வேண்டியது. சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நீட்டக் கூடாது.

கை நீண்டிருந்தது. அவருடைய கைதான். தோளிலிருந்து விறைத்து, மழையில், நேராக. கீழே இழுத்தார். இறங்கவில்லை. சிமிட்டும்வரை இறங்காது.

பக்கத்தில், அதே உயரத்தில், இன்னொரு கை நீண்டது. கம்பளி உறை போட்ட கை. உறையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கார் வளைவில் திரும்பியது. வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது. துடைப்பான் கண்ணாடியை ஒருமுறை வழித்தது. அந்த ஒரு கணம் உள்ளே இருந்தவர் தெரிந்தார். ஆறு வருஷம் இளையவர். இன்னும் கொஞ்சம் முடி. நெற்றியில் எரிச்சல். கண்கள் சாலையில் இல்லை, ஆட்டைத் தேடவில்லை. நேராக, முழுதாக, இட்வலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

விரல் குச்சியை இழுத்தது.

விளக்கு சிமிட்டியது. ஒரு தடவை. இரண்டு தடவை.

பக்கத்திலிருந்த கம்பளிக் கை, நிம்மதியாக, கீழே இறங்கியது. இட்வலின் கையும் இறங்கியது. அவருடைய வலதுகால், பார்த்துவிட்டார்கள் என்று நம்பி, தார்ச்சாலையில் இறங்கியது.