வெற்றுக் குழலில் இரண்டு வளையங்கள்

திங்கள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் டெக்னீஷியன் எலியோதோரோ தன் அறையைத் திறந்தான். மொந்தேரோ ஊரில் கரும்பு வெட்டு தொடங்கிய வாரம். மழை நின்றும் கொசு குறையவில்லை. ஜன்னல் விளிம்பில் எரித்த கரும்புத் தோகையின் கரி படிந்திருந்தது.

நோயாளிகள் வருமுன் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டையை ஸ்கேன் இயந்திரத்தின் குழலுக்குள் வைத்துப் படம் எடுப்பது தினசரி வேலை. இயந்திரம் ஒழுங்காக இருந்தால் திரையில் வெறும் சாம்பல் வட்டம் வரும்.

இன்று வட்டத்துக்குள் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரிந்தன. பக்கத்துக்கு ஒன்று. நடுவில் கருப்பு.

அவனுக்கு அவற்றைத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை காசிமிராவைக் கொண்டுவந்தார்கள். மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்தவள். ஆள் அடையாளம் தெரியாமல் கைகாலை உதறிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சாராய வாடை. புருஷன் சத்துர்னினோ மலைமக்களின் மொழியான கெச்சுவாவில் கெஞ்சினான்: "குடிக்கல டாக்டரே. காய்ச்சலுக்குத் தேச்சுவிட்டேன்."

எலியோதோரோவுக்கு ஒரு சொல்கூடத் தப்பாமல் புரிந்தது. அவன் அம்மாவும் மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்தவள்தான். காய்ச்சல் வந்தால் அதே சாராயத்தை அவன் நெஞ்சில் தேய்த்திருக்கிறாள்.

"என்னய்யா சொல்றான் மலைக்காரன்? ஒனக்குப் புரியுதா?" என்று நர்ஸ் சிரித்தாள்.

"எனக்கெங்க புரியும்?"

நாலு படத்தோடு நிறுத்தினான். 'குடிபோதை, அசைவு' என்று எழுதினான். போதை தெளியட்டும் என்று அவளை தாழ்வாரத்தில் கிடத்தினார்கள். மறுநாள் செத்துப்போனாள். அந்த நாலு படத்தைப் பார்த்த டாக்டரம்மா பேனாவால் திரையைத் தொட்டாள். "மூளை நடுவுல இருக்கிற தாலமஸ் ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. நடுவுல ரத்தக் கசிவு, சுத்தி வளையம். டெங்கு மூளைக்கு ஏறியிருக்கு. முழுசா எடுத்து அப்பவே காட்டியிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

உருண்டையை வெளியே எடுத்தான். வெற்றுக் குழலைப் படம் எடுத்தான்.

வளையங்கள் இருந்தன.

குழலுக்குள்ளிருந்து சாராய வாடை வந்தது.

கதவருகே யாரோ செருமினார்கள். சத்துர்னினோ. தொப்பியை மார்போடு பிடித்திருந்தான்.

"கரும்பு வெட்டுற முகாம்ல, அவ குடிச்சுச் செத்தாங்கிறாங்க டாக்டரே. எம் புள்ளைங்க காதுல விழுது." தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில் பேசினான். "ரிப்போர்ட்ல அந்த வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க."

"ஆபீஸ்ல கேளு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே படுத்திருப்பவர் பேச்சைக் கேட்பதற்கான ஒலிபெருக்கி மேசைமேல் இருந்தது. அது கரகரத்தது.

மூச்சு.

பிறகு கெச்சுவாவில், மெதுவாக ஒரு பெண்குரல்: "தம்பி, நீ யாரு பெத்த புள்ள?"

சத்துர்னினோவின் கையிலிருந்து தொப்பி விழுந்தது. குழல் காலியாக இருந்தது.

"ஃபெலீசா மகன்," என்றான் எலியோதோரோ அதே மொழியில். "குடிக்கலன்னு இவரு சொன்னது புரிஞ்சுது. புரியாத மாதிரி நின்னுட்டேன்."

சத்துர்னினோ அவன் பக்கம் திரும்பினான்.

"நம்ம பேச்சு தெரியுமா ஒனக்கு?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். எலியோதோரோ தலையைக் குனிந்துகொண்டு, ரிப்போர்ட்டில் பழைய வரியை அடித்து, 'போதை இல்லை. என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டான். சத்துர்னினோ தாளை வாங்கி மடித்தான். தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

எட்டு மணிக்கு முதல் நோயாளி. முழங்கால் வலிக்கார வாத்தியாரம்மா. படுக்கவைத்து உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. வாத்தியாரம்மாவின் குரல்தான்.

"தம்பி, என்னை வெளிய எடுங்க. எனக்கு அவசரமில்ல."

"ஏம்மா?"

"பக்கத்துல படுத்திருக்கிற பொண்ணுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. அவளை மொதல்ல பாருங்க."